ரோடு போடும் சட்டத்தில் கூலிக்கு ஒரு வரி உண்டா?

இரவு பத்து மணிக்கு மேல் நெடுஞ்சாலையில் பஸ் ஏறிப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கப் போக்குவரத்தை மறித்திருப்பார்கள். தார்க்கலவை லாரி பின்னோக்கி ஊர்ந்து வரும். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் அந்தப் புகைக்குள் நிற்பார்கள். கொதிக்கிற கலவையை மண்வெட்டியால் இழுத்துச் சமப்படுத்துவது அவர்கள் வேலை. அவர்களுக்குப் பின்னால் ரோலர் வரும். காலில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. பீகாரிலிருந்து ரயிலேறி வந்த வாலிபர்கள், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிள்ளையோடு வந்த கணவன் மனைவி, அறுப்பு முடிந்து வயலில் வேலையில்லாமல் கிளம்பிய தஞ்சை விவசாயத் தொழிலாளி - எல்லோரும் அந்தப் புகைக்குள்தான் இருப்பார்கள்.

பக்கத்திலேயே ஒரு பலகை நட்டிருக்கும். வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, காண்டிராக்டரின் பெயர், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அதில் எழுதியிருக்கும். இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு நாள் கூலி எவ்வளவு என்று மட்டும் எழுதியிருக்காது. பலகை எழுதிய பெயிண்டர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த ரோட்டு வேலையை யாருக்கு, எந்த முறையில், என்ன விலைக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிற சட்டத்திலேயே அந்தப் பேச்சு கிடையாது. இந்தச் சங்கதியைத்தான் ஆலைத் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1998 இன் சட்டம்

தமிழ்நாட்டில் சர்க்கார் வேலைகளை டெண்டர் விட்டுக் கொடுப்பதற்கென்று 1998 இல் சட்டசபையில் ஒரு சட்டம் நிறைவேறியது. டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று அதற்குப் பெயர். 2000 ஆம் ஆண்டில் விதிகளும் வகுக்கப்பட்டு அமலுக்கு வந்தது. மறு ஆண்டே, 1999 இல், கர்நாடகமும் இதே மாதிரிச் சட்டம் இயற்றியது. மத்தியில் இன்னும் இப்படி ஒரு சட்டம் கிடையாது. 2012 இல் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறாமலே 2014 இல் காலாவதியாகிவிட்டது. டில்லியில் எல்லாம் நிதித்துறை விதிகளின் பேரிலேயே நடக்கிறது. அந்த வகையில் தமிழ்நாடு முந்திக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? டெண்டர் இல்லாமல் சர்க்கார் எதையும் வாங்கக் கூடாது, எந்தக் கட்டுமான வேலையையும் கொடுக்கக் கூடாது. டெண்டர் அறிவிப்பை மாநில, ஜில்லா டெண்டர் புல்லட்டின்களில் வெளியிட வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அதைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். வந்த டெண்டர்களில், அளந்து கணக்கிடக்கூடிய அம்சங்களை வைத்து, எது குறைந்த விலை என்று பார்த்து ஏற்க வேண்டும். அந்தக் குறைந்த விலையும் மார்க்கெட் விலைக்கு மேலே இருந்தால், அந்த ஒருவரோடு மட்டும் பேசி விலையைக் குறைக்கலாம். மற்றவர்களோடு பேரம் பேசக் கூடாது. முடிவு பிடிக்காத காண்டிராக்டர் 10 நாட்களுக்குள் சர்க்காரிடம் அப்பீல் செய்யலாம். வெள்ளம், புயல் போன்ற அவசரங்களுக்கும், ஒரே ஒருவரிடம்தான் கிடைக்கும் என்ற சாமானுக்கும் விலக்கு உண்டு.

இதையெல்லாம் நாம் எதிர்க்கவில்லை. இருட்டறையில் கவர் மாறுவதைக் காட்டிலும் வெளிச்சத்தில் கவர் பிரிப்பது மேல். மந்திரியின் மைத்துனருக்கும் எம்.எல்.ஏ.வின் மருமகனுக்கும் வேலை போகிற கதைகளைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன ஜனங்களுக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டித்தான் இருந்தது. சட்டம் வந்த பிறகு அந்தக் கதைகள் நின்றுவிட்டனவா என்று கேட்டால், ஊரில் எந்த டீக்கடையிலும் பதில் கிடைக்கும். நாலு காண்டிராக்டர்கள் ஒன்றுகூடி, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பேசி வைத்துக்கொண்டு நாலு கவர் போட்டால் சட்டம் அதை நாலு போட்டியாளர்கள் என்றே எண்ணும்.

ஆனால் நாம் இங்கே எழுப்புவது லஞ்ச விவகாரத்தை அல்ல. ஒரு பைசா லஞ்சம் இல்லாமல், சட்டத்தின் ஒவ்வொரு ஷரத்தும் பிசகாமல் ஒரு டெண்டர் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தார் இழுக்கிற தொழிலாளிக்கு நியாயம் கிடைக்குமா? இந்தச் சட்டம் காண்டிராக்டருக்கும் காண்டிராக்டருக்கும் இடையே நியாயம் பார்க்கிறது. சர்க்காருக்கும் காண்டிராக்டருக்கும் இடையே நியாயம் பார்க்கிறது. டெண்டர் கிடைக்காதவனுக்குக்கூட அப்பீல் உண்டு. கூலி கிடைக்காதவனுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து கிடையாது.

குறைந்த விலை எங்கிருந்து குறைகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சர்க்கார் இஞ்சினீயர்கள் ஒரு ரோட்டுக்கு மதிப்பீடு தயாரிக்கிறார்கள். ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கு வந்த தொகை அல்ல அது. பொதுப்பணித்துறையின் விலைப்பட்டியலை வைத்து, ஜல்லிக்கு இவ்வளவு, தாருக்கு இவ்வளவு, இயந்திர வாடகை இவ்வளவு, மேஸ்திரிக்கு, மஸ்தூருக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூட்டி வந்த தொகை. காண்டிராக்டரின் மேற்செலவும் லாபமும்கூட அதில் சேர்ந்தே இருக்கிறது. கவரைப் பிரித்தால் ஒருவர் 15 சதம் குறைவாக, 85 லட்சத்துக்கே செய்து தருகிறேன் என்கிறார். சர்க்காருக்கு 15 லட்சம் மிச்சம் என்று பைலில் குறிப்பு எழுதுகிறார்கள்.

அந்த 15 லட்சம் எங்கே குறைந்தது? தார் விலையை எண்ணெய்க் கம்பெனி நிர்ணயிக்கிறது. காண்டிராக்டரைப் பார்த்து அது இரக்கப்படாது. டீசல் விலையும் அப்படியே. கிரஷர்க்காரர் ஜல்லியைக் கடனுக்குக் கொடுத்தாலும் விலையைக் குறைக்க மாட்டார். பேவரும் ரோலரும் வங்கிக் கடனில் நிற்கின்றன. வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். காண்டிராக்டர் தன் லாபத்தைத் தானே வெட்டிக்கொள்வார் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். மீதி இருப்பவை இரண்டு. ஒன்று, 40 மில்லிமீட்டர் போடச் சொன்ன இடத்தில் 30 போடுவது. இன்னொன்று, கூலி.

முதல் திருட்டைப் பிடிக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்திருக்கிறது. நெடுஞ்சாலைத் துறையில் தரக்கட்டுப்பாட்டுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. போட்ட ரோட்டைத் துளைத்து எடுத்துக் கனம் அளக்கிறார்கள். கலவையைப் பிரித்துத் தார் எத்தனை சதம் என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறார்கள். மதிப்பீட்டுக்கு மிகவும் கீழே இறங்கிக் கேட்டவரிடம் கூடுதல் ஜாமீன் தொகையும் வாங்குகிறார்கள். பில் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, ரோட்டில் பள்ளம் விழாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பிறகுதான் விடுகிறார்கள். நல்லது. ரோட்டில் பள்ளம் விழுந்தால் பிடித்த பணம் இருக்கிறது. தொழிலாளியின் கூலியில் பள்ளம் விழுந்தால் யார் கையில் என்ன பணம் பிடித்து வைத்திருக்கிறது? தாரைச் சோதிக்க ஆய்வுக்கூடம் கட்டிய சர்க்கார், கூலிப் பட்டியலைச் சோதிக்க ஒரு மேஜை நாற்காலிகூடப் போடவில்லை.

ஒப்பந்தப் பத்திரத்தில் தொழிலாளர் சட்டங்களை மதித்து நடக்க வேண்டும் என்று ஒரு பக்கம் அச்சடித்திருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் டெண்டரை மதிப்பிடுகிற நேரத்தில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. சென்ற ஐந்து வருஷ வரவு செலவு எவ்வளவு, கலவை இயந்திரம் சொந்தமா வாடகையா, இதே மாதிரி வேலை எத்தனை முடித்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். முந்திய வேலையில் கூலி பாக்கி வைத்தாயா என்று கேட்பதில்லை.

வேலை எடுத்தவரே வேலை செய்வதும் அபூர்வம். பெரிய காண்டிராக்டர் சின்னக் காண்டிராக்டருக்குக் கொடுக்கிறார். அவர் மண் வேலையை ஒருவருக்கும், கல்வெட்டை ஒருவருக்கும், தார் வேலையை ஒருவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். அவர்கள் மேஸ்திரியிடம் ஆள் கேட்கிறார்கள். மேஸ்திரி அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடிக்கிறார். ஒவ்வொரு படியிலும் ஒரு கை நீண்டு எடுத்துக்கொள்கிறது. அடிப்படியில் நிற்கிறவனுக்கு மேல்படியில் இருப்பவனின் பெயர் தெரிவது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். அதுவும் படிக்கத் தெரிந்தால்.

ஆலைத் தொழிலாளிக்கு இதில் ஒரு விஷயம் சட்டென்று புரியும். ஆலைக்கு ஒரு கேட் உண்டு. பதிலியாக இருந்தாலும், காண்டிராக்ட் ஆளாக இருந்தாலும், அந்தக் கேட் வழியாகத்தான் வர வேண்டும். கேட்டில் நின்று கூட்டம் போடலாம், நோட்டீஸ் கொடுக்கலாம், கொடி நடலாம். ரோட்டுக்குக் கேட் எது? இன்று இந்த மைல்கல், நாளை அடுத்த மைல்கல். சங்கம் வந்து சேருவதற்குள் முகாம் இடம் மாறிவிடுகிறது.

ஒரு ரூபாய்க் கமிஷனின் கதை

இதெல்லாம் சர்க்காருக்குத் தெரியாத சங்கதியா? 1982 இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காக மேம்பாலங்களும் மைதானங்களும் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிசா முதலிய ராஜ்யங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. காண்டிராக்டர்கள் அதை ஜமேதார்கள் கையில் கொடுத்தார்கள். ஜமேதார் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைத் தொழிலாளிக்குக் கொடுத்தார். விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1982 செப்டம்பரில் வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23 ஆவது பிரிவு தடை செய்திருக்கிற கட்டாய உழைப்பு. சர்க்கார் தன் வேலையைக் காண்டிராக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கையைக் கழுவ முடியாது. சட்டங்கள் நிறைவேறுகின்றனவா என்று பார்ப்பது சர்க்காரின் பொறுப்பு. தீர்ப்பு வந்து பதினாறு வருஷம் கழித்துத் தமிழ்நாட்டில் டெண்டர் சட்டம் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு வரி அதில் வந்து உட்காரவில்லை.

இருந்த பாதுகாப்பும் இப்போது தேய்கிறது. 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி 20 பேரும் அதற்கு மேலும் வைத்து வேலை வாங்கிய காண்டிராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலைக்குச் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 2019 இலும் 2020 இலுமாக மத்திய சர்க்கார் பழைய சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக ஆக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதில் 20 என்பது 50 ஆகிவிட்டது. ரோடு வேலையில் இது எப்படி விளையாடும் என்று யோசித்துப் பாருங்கள். மண் வேலைக்கு 40 பேர், தார் வேலைக்கு 30 பேர், பாலத்துக்கு 45 பேர் என்று உள்காண்டிராக்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒரே ரோட்டில் 115 பேர் நிற்பார்கள். சட்டத்தின் கண்ணில் ஐம்பது பேரை வைத்திருக்கும் காண்டிராக்டர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

சாலைப் பணியாளருக்கு நேர்ந்தது

டெண்டர் முறை என்பது காகித விவகாரம், அதற்காக நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்கள் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

முன்பெல்லாம் ரோட்டோரத்தில் புல் செதுக்குவது, வாய்க்கால் தூர் எடுப்பது, பள்ளத்துக்கு ஜல்லி போட்டு அடைப்பது, மரத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் துறையின் சொந்த ஆட்கள் செய்தார்கள். 1997 இல் சுமார் பத்தாயிரம் பேர் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்தில் முதல்முறையாக மாதச் சம்பளம் என்பதைப் பார்த்தவர்கள். ஐந்து வருஷம்தான் அந்த வாழ்வு. 2002 செப்டம்பரில், ரோடு பராமரிப்பைத் தனியாரிடம் விட்டுவிடலாம் என்று அன்றைய சர்க்கார் முடிவு செய்து, ஒரே உத்தரவில் பணியிடங்களை ஒழித்து அவர்கள் அனைவரையும் வெளியே தள்ளியது. எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணை இல்லை. பத்தாயிரம் குடும்பங்களின் அடுப்பு ஒரே நாளில் அணைந்தது. அந்த நாட்களில் பட்டினியிலும் மனமுடைந்தும் மடிந்தவர்கள் உண்டு. மற்றவர்கள் விடவில்லை. மறியல், ஊர்வலம், சிறை, கோர்ட்டு என்று 41 மாதங்கள் போராடி 2006 பிப்ரவரியில் மீண்டும் வேலைக்குள் நுழைந்தார்கள். அந்த 41 மாதங்களைப் பணிக்காலத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காகப் பின்னும் எத்தனையோ வருஷம் கொடி பிடிக்க வேண்டியிருந்தது.

உத்தரவால் ஒழிக்க முடியாத வேலையை டெண்டர் முறையால் ஒழிக்கலாம் என்று பிறகு கண்டுகொண்டார்கள். 2012 வாக்கில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் ஒரு புதிய முறை வந்தது. செயல்பாட்டின் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் என்று அதற்கு நீளமான பெயர். ஒரு கோட்டத்திலுள்ள நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ரோட்டை மொத்தமாக ஒரே கம்பெனிக்கு ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியது. பள்ளம் அடைப்பதும் புல் வெட்டுவதும் தார் போடுவதும் எல்லாம் அவர்கள் பாடு. கிருஷ்ணகிரி, இராமநாதபுரம் என்று வேறு இடங்களுக்கும் அது பரவியது. இதன் பிறகு துறைக்குச் சொந்த ஆள் எதற்கு? ஓய்வு பெறுகிறவர் இடத்தில் புதிய ஆள் எடுக்க வேண்டியதில்லை. யாரையும் நீக்கியதாகக் கெட்ட பெயரும் இல்லை. அதே புல்லை அதே ஊர் ஆள்தான் வெட்டுகிறார். சர்க்கார் சம்பளத்துக்குப் பதிலாகக் கம்பெனி மேஸ்திரியின் தினக்கூலிக்கு வெட்டுகிறார்.

டெண்டர் சட்டம் இதில் குறுக்கிட்டதா? இல்லை. வேலையை வெளியே விடுவது என்று முடிவான பிறகு அதை எப்படி விடுவது என்று மட்டுமே அது பேசுகிறது. வெளியே விடலாமா கூடாதா, விட்டால் எத்தனை பேரின் வேலை போகும் என்ற கேள்வியை எந்த அதிகாரியும் எந்தப் பைலிலும் எழுதிப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பொட்டலம் பெரிதாகிறது

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். டெண்டர் சட்டம் வந்த அதே 1998 இல்தான் தமிழ்நாட்டில் ரோடு அபிவிருத்திக் கம்பெனி ஒன்றை, மாநில சர்க்காரின் டிட்கோவும் ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனமும் கூட்டாகத் தொடங்கின. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை அந்தக் கம்பெனி சீர்படுத்தி, 2002 முதல் சுங்கம் வசூலித்தது. கூட்டாளியான ஐ.எல்.எஃப்.எஸ். 2018 இல் தொண்ணூறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் வைத்துக்கொண்டு மூழ்கியது. தனியார் திறமை, தனியார் திறமை என்று பஜனை பாடியவர்கள் அந்த வருஷம் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் தவணை முறை வந்தது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை சென்னை வெளிவட்டச் சாலையை அப்படித்தான் போட்டார்கள். கம்பெனி கடன் வாங்கி ரோடு போடும். சர்க்கார் வருஷக்கணக்கில் தவணை கட்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் 2016 முதல் கலப்பு முறை ஒன்று நடக்கிறது. கட்டுகிறபோதே 40 சதத்தைச் சர்க்கார் கொடுத்துவிடும். மீதி 60 சதத்தை வட்டியோடு 15 வருஷம் கொடுக்கும். சாதாரணமாக வீடு கட்டுகிறவன் காண்டிராக்டரிடம் இப்படிக் கடன் சொல்வானா? சொன்னால் அந்த வட்டியில் ஏமாந்தவன் யார் என்று அவன் மனைவி கேட்பாள். தனியார் பங்கேற்புத் திட்டங்களுக்கென்றே 2012 இல் மாநிலத்தில் உள்கட்டமைப்பு அபிவிருத்திச் சட்டம் என்று தனிச் சட்டமும் வந்தது. 2024 இல் மாநில நெடுஞ்சாலை ஆணையம் அமைக்கும் மசோதா சட்டசபைக்கு வந்தபோது சாலைப் பணியாளர் சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததன் காரணம் இப்போது விளங்கும். பட்ட அடி அவர்களுக்கு மறக்கவில்லை.

பொட்டலம் பெரிதாகப் பெரிதாக அதைத் தூக்கக்கூடிய ஆட்கள் குறைகிறார்கள். தாலுகா அளவில் ரோலர் ஒன்றை வைத்துக்கொண்டு பிழைத்த சின்னக் காண்டிராக்டர் பெரிய கம்பெனியின் உள்காண்டிராக்டராகிறார். அவரும் ஒன்றும் உத்தமர் அல்ல. ஆனாலும் கூலி பாக்கி என்றால் அவர் வீட்டு வாசலில் போய் உட்காரலாம். பம்பாயிலும் ஐதராபாத்திலும் ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனியின் வாசலில் யார் போய் உட்காருவது?

செலவு கூடிவிடுமாம்!

கூலியைச் சட்டத்தில் எழுதினால் ரோட்டின் விலை ஏறிவிடும், வரி கட்டுகிறவர் தலையில் விழும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மதிப்பீடு போடும்போதே மஸ்தூருக்கு இவ்வளவு என்று எழுதித்தானே ஒரு கோடி வந்தது? அந்தக் கூலியைக் கொடு என்று கேட்டால் செலவு எப்படிக் கூடும்? காண்டிராக்டர் வெட்டியதை வெட்டாதே என்று சொல்கிறோம், அவ்வளவுதான்.

இது கம்யூனிஸ்டுகள் மட்டும் பேசுகிற பேச்சும் அல்ல. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவில் 1931 லேயே சட்டம் செய்தார்கள். மத்திய சர்க்காரின் கட்டுமான வேலை எடுக்கும் காண்டிராக்டர், அந்த வட்டாரத்தில் நிலவுகிற கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1891 இல் நியாயக் கூலித் தீர்மானம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களை நசுக்கப் புறப்பட்ட தாட்சர் சர்க்கார் 1980 களில் அதை ரத்து செய்ததிலிருந்தே அது யாருக்கு முள்ளாகக் குத்தியது என்று தெரிந்துகொள்ளலாம். 1949 இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 94 ஆவது ஒப்பந்தம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. சர்க்கார் காண்டிராக்ட் ஒவ்வொன்றிலும் கூலி, வேலை நேரம், வேலை நிலைமை பற்றிய ஷரத்துகள் இருக்க வேண்டும். மீறுகிறவருக்குப் பணத்தை நிறுத்தி வைக்கலாம், மேற்கொண்டு காண்டிராக்ட் கொடுக்காமலும் இருக்கலாம் என்பது அதன் சாரம். இந்தியா இன்றுவரை அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை.

வெளிநாடு வேண்டாம், பக்கத்து வீட்டைப் பார்க்கலாம். கேரளத்தில் வடகரைப் பக்கம் 1925 இல் கூலித் தொழிலாளிகள் சேர்ந்து ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஜாதிக் கொடுமையை எதிர்த்த வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். வேலை செய்கிறவர்களே அங்கத்தினர்கள். அவர்களே நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நூறு வருஷம் கழித்தும் அது நிற்கிறது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுக்கிறது. கம்பெனிகளோடு போட்டி போட்டுத் தேசிய நெடுஞ்சாலை 66 இல் தலப்பாடி முதல் செங்களை வரை 39 கிலோமீட்டர் வேலையை டெண்டரில் எடுத்தது. அங்கே தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு டெண்டர் விலையில் சலுகை தரும் ஏற்பாட்டைச் சர்க்கார் செய்தது. சலுகை கொடுத்தால் தரம் கெட்டுவிடும் என்று சொல்லுகிறவர்கள் ஒருமுறை அந்த ரோட்டில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

விவசாயத் தொழிலாளிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. 2005 ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில் காண்டிராக்டரை உள்ளே விடக்கூடாது என்றும், செலவில் கூலிக்கு 60 பங்குக்குக் குறையக்கூடாது என்றும் எழுதியிருந்தது. கிராமத்து மண் ரோட்டுக்கு இப்படி எழுத முடிந்தவர்களுக்கு நெடுஞ்சாலைக்கு எழுதும்போது மட்டும் பேனா ஓடாதது ஏன்? இயந்திர வேலை அதிகம் என்பதால் அதே 60 பங்கை நெடுஞ்சாலையில் கேட்க முடியாது, நாமும் கேட்கவில்லை. மதிப்பீட்டில் என்ன கூலி எழுதினீர்களோ அது தொழிலாளியின் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

என்ன எழுத வேண்டும்?

1998 சட்டத்தில் திருத்தம் வேண்டும். கூலித் தொகையைப் போட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். ஜல்லியில், இயந்திரத்தில், நிர்வாகத் திறமையில், தன் லாபத்தில் காண்டிராக்டர் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக் கேட்கட்டும். மதிப்பீட்டில் உள்ள கூலிக்குக் கீழே ஒரு காசு குறைத்துக் கேட்டால் அந்த டெண்டர் செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும். முந்திய வேலையில் கூலி பாக்கி வைத்தவர் அடுத்த டெண்டர் போடத் தகுதியற்றவர் என்று தகுதி விதிகளில் சேர்க்க வேண்டும். எத்தனை உள்காண்டிராக்டர்களுக்குப் பிரித்தாலும் மொத்த ரோட்டையும் ஒரே வேலைத்தலமாகக் கணக்கிட்டு, எல்லா ஆட்களின் கூலிக்கும் தலைமைக் காண்டிராக்டரும் துறையும் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இதற்கு டில்லியின் அனுமதி தேவையில்லை. வேலை கொடுக்கிற மாநில சர்க்கார் தன் ஒப்பந்தத்தில் தானே எழுதலாம்.

நடைமுறையில் முடியாது என்று சொல்வார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு 1 சத வரியை ஒவ்வொரு பில்லிலும் பிடித்துத்தானே கொடுக்கிறார்கள்? வருமான வரியைப் பிடிக்கிறார்கள், ஜாமீனைப் பிடிக்கிறார்கள். அதே பில்லோடு ஆட்களின் பட்டியலும், வங்கி வழியாகக் கூலி கொடுத்ததற்கான அத்தாட்சியும் வந்தால்தான் பணம் என்று ஒரு வரி சேர்க்க எத்தனை மை செலவாகும்?

பராமரிப்பு வேலையைப் பொறுத்தவரை நம் கோரிக்கை வேறு. அது நிரந்தரமான வேலை. மழை ஒவ்வொரு வருஷமும் பெய்கிறது, புல் ஒவ்வொரு வருஷமும் முளைக்கிறது. நிரந்தரமான வேலைக்கு நிரந்தரமான ஆட்கள் வேண்டும். காலியான சாலைப் பணியாளர் இடங்களைக் கிராமத்து வாலிபர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். கோட்டம் கோட்டமாகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் முறையைக் கைவிட வேண்டும்.

இதற்கிடையில் சங்கங்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் வழியாக ரோடு போடுகிறார்களா? பலகையில் உள்ள வேலையின் பெயரையும் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள். 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கோட்டப் பொறியாளர் ஆபீசுக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். மதிப்பீட்டில் மஸ்தூருக்கு எழுதிய நாள் கூலி எவ்வளவு, ஏற்ற டெண்டர் மதிப்பீட்டுக்கு எத்தனை சதம் கீழே, உள்காண்டிராக்ட் கொடுக்க அனுமதி வாங்கினார்களா, நல வாரியத்துக்குப் பிடித்த தொகை எவ்வளவு என்று நாலு கேள்வி போதும். பதில் வந்ததும் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, தார் போடுகிற இடத்தில், காண்டிராக்டரின் பலகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகையாக நடுங்கள். பீகார்த் தோழர்களுக்காக இந்தியிலும் எழுதுங்கள்.